குவாதலூப் தீவில் குடிகொண்ட மாரியன்னை

வாழைத் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் நெடுஞ்சாலை. ஒரு புறம் மேகம் சூழ்ந்த எரிமலை. மறுபுறம் அட்லாண்டிக் பெருங்கடல். சாலையோரத்தில், சற்றும் எதிர்பாராத இடத்தில், ஒரு கோயில் கண்ணுக்குத் தெரிகிறது. முகப்பெங்கும் வண்ணச் சுதைச் சிற்பங்கள். உள்ளே மஞ்சளும் வேப்பிலையும் சூழ வீற்றிருக்கிறாள் அன்னை. பூஜை நடைபெறும் நாளாக இருந்தால், தப்பும் மத்தளமும் முழங்கும் ஒலி தொலைவிலேயே கேட்கும். கற்பூர மணம் காற்றில் மிதந்து வரும்.

கண்ணை மூடிக்கொண்டு நின்றால், காரைக்கால் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் அம்மன் கோயில் என்றே தோன்றும். ஆனால், இது தமிழகத்திலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில், கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவு. கோயில் அமைந்துள்ள இடத்தின் பெயர் ஷான்ஜி. அங்குள்ளோர் அன்னையை அழைக்கும் பெயர் 'மாலியெமேன்'. மாரியம்மன் என்னும் திருநாமம்தான் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பிரெஞ்சும் கிரியோலும் பேசும் நாவுகளில் புரண்டு, இவ்வாறு உருமாறி நிற்கிறது.

பெயர் சற்றே மாறியது, தெய்வம் மாறவில்லை. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறியவே இத்தீவுக்கு ஒரு முறை சென்று வரலாம்.

அழகிய நீர்நிலைகளின் தீவு

குவாதலூப் தீவின் ஆதிகுடிகள் அதனைக் 'கருக்கேரா' என்று அழைத்தனர். அழகிய நீர்நிலைகளின் தீவு என்பது அதன் பொருள் எனக் கூறுவர். 1493-ஆம் ஆண்டு இங்கு வந்த கொலம்பஸ், ஸ்பெயின் நாட்டிலுள்ள குவாதலூப்பே மாதா ஆலயத்தின் பெயரை இதற்குச் சூட்டினார். பின்னர் தீவு பிரெஞ்சுக்காரர்களின் வசமாயிற்று. 1946 முதல் இது பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டமாகவே விளங்குகிறது. எனவே பாரிஸிலிருந்து விமானம் ஏறுவோர், எட்டு மணி நேரத்துக்கு மேல் கடலைக் கடந்து பறந்த பின்னரும், பிரான்ஸிலேயே இறங்குகின்றனர். நாணயம் யூரோ, ஆட்சிமொழி பிரெஞ்சு, வீட்டு மொழி கிரியோல்.

தீவு, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப் போன்ற வடிவமுடையது. கிழக்குச் சிறகு சமவெளி. கரும்பு விளையும் நிலம். மேற்குச் சிறகு மலையும் காடும் அருவிகளும் நிறைந்தது. 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலை அதில் இன்றும் புகைந்துகொண்டிருக்கிறது. இரண்டு சிறகுகளும் சந்திக்கும் இடத்தில் புவாந்தாபித்ர் என்னும் துறைமுக நகரம் அமைந்துள்ளது. தமிழ்ப் பக்தர்களின் யாத்திரை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனெனில், அன்னை முதன்முதலில் கரையேறியது அத்துறைமுகத்தில்தான்.

மார்கழியில் வந்த கப்பல்

1854-ஆம் ஆண்டு டிசம்பர் 24. 'ஓரெலி' என்னும் கப்பல் புவாந்தாபித்ர் துறைமுகத்தை அடைந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில் திரட்டப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்டோர் அதிலிருந்து இறங்கினர். ஊரெங்கும் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்கான ஆயத்தம். வந்திறங்கியோருக்கோ அது மார்கழி மாதம். அவர்கள் விட்டு வந்த ஊர்களில் அந்நேரம் விடியற்காலைப் பனியில் வாசலில் கோலமிட்டிருப்பார்கள். கோயில்களில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலித்திருக்கும்.

இவர்கள் அழைத்து வரப்பட்டதன் காரணம் எளிது. 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்களில் பலர், தாங்கள் சாட்டையடி பட்ட கரும்புத் தோட்டங்களில் பழையபடி உழைக்க விரும்பவில்லை. தோட்ட முதலாளிகளோ குறைந்த கூலிக்கு ஆட்களைத் தேடினர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் மேஸ்திரிகள் ஊர் ஊராகச் சென்று, பஞ்சத்தாலும் கடனாலும் நலிந்திருந்தோரிடம் ஆசை வார்த்தை கூறினர். ஐந்தாண்டு ஒப்பந்தம், அதன் முடிவில் ஊர் திரும்பக் கப்பல் வசதி. கேட்பதற்கு நியாயமான பேரமாகவே தோன்றிற்று.

கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு சென்றது. மூன்று மாத அளவிலான கடற்பயணம். கடல் கடப்பது ஆசாரத்துக்கு விரோதம் என்று கருதப்பட்ட காலம் அது. கப்பலில் சாதி வரம்புகள் நிலைக்கவில்லை. ஒரே தளத்தில் படுத்து, ஒரே அண்டாவில் சமைத்ததை உண்டு, அனைவரும் ஒரே நிலைக்கு வந்து சேர்ந்தனர். 1854 முதல் 1889 வரை இவ்வாறு குவாதலூப்புக்கு வந்தோர் சுமார் 42,000 பேர். பிற்காலத்தில் கல்கத்தாவிலிருந்தும் சிலர் வந்தனர். எனினும் பெரும்பான்மையினர் தமிழகக் கரையோர மக்களே. வந்தவர்களுள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானோரே தாயகம் திரும்பினர். எஞ்சியோரில் ஏராளமானோர் நோயாலும் கடும் உழைப்பாலும் மாண்டனர். பிழைத்தவர்கள் அத்தீவையே சொந்த மண்ணாக ஏற்றனர்.

புவாந்தாபித்ர் துறைமுகக் கரையில் இன்று ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. 'முதல் நாள்' என்பது அதன் பெயர். அவர்கள் வந்து 150 ஆண்டுகள் நிறைவுற்றதையொட்டி, 2004-ஆம் ஆண்டு அது நிறுவப்பட்டது. சுற்றிலும் மீன் விற்போரும் காய்கறி விற்போரும் கூவிக்கொண்டிருக்கும் சந்தை. அந்த ஆரவாரத்தின் நடுவே சற்று நேரம் நின்று, பெயர் தெரியாத அம்முன்னோரை மனத்தால் வணங்கிவிட்டு மேலே செல்வதே முறை.

கணக்கில் தேறாத நாட்கள்

ஒப்பந்தத் தாளில் எழுதப்பட்டிருந்தது ஒன்று. தோட்டத்தில் நடந்தது வேறு. 26 நாட்கள் முழுமையாக உழைத்தால்தான் ஒரு மாதம் எனக் கணக்கிடப்பட்டது. நோயில் படுத்த நாட்கள் கணக்கில் சேரா. அந்நாட்களெல்லாம் ஒப்பந்தக் காலத்தின் முடிவில் கூட்டப்பட்டன. ஆகவே ஐந்தாண்டு என்பது ஏழாண்டாகவும் அதற்கு மேலும் நீண்டது. ஊர் திரும்பும் கப்பல் உரிய காலத்தில் வருவதுமில்லை. காத்திருக்க முடியாதவர்கள் மறு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தனர்.

ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஓர் எண் வழங்கப்பட்டது. எழுத்தர்கள் தங்கள் செவிக்கு எட்டியவாறு பெயர்களைப் பிரெஞ்சில் எழுதிக்கொண்டனர். பின்னர் பிள்ளைகள் பிறந்தபோது, தந்தையின் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாயிற்று. அன்று உறைந்த பெயர்கள் இன்றும் அப்படியே உள்ளன. ராமசாமி, வீரப்பன், முத்துசாமி, சிதம்பரம், நாகப்பன் என்பவை, சற்றே திரிந்த ஒலியுடன், இத்தீவின் கடைப் பலகைகளிலும் மருத்துவர்களின் வாயிற் பலகைகளிலும் காணக் கிடைக்கின்றன. தமிழ் ஒரு சொல்லும் அறியாத இளைஞன் ஒருவன், ஐந்து தலைமுறைகளுக்கு முன் கப்பலேறிய கொள்ளுப்பாட்டனின் தந்தை பெயரைத் தினந்தோறும் கையொப்பமாக இடுகிறான்.

அன்னை வந்த காரணம்

கப்பலேறியோரிடம் சிலைகளைக் கொண்டுவரும் வசதி இருக்கவில்லை. நெஞ்சில் சுமந்து வந்த தெய்வங்களே துணை. அவை பெருங்கோயில்களில் உறையும் மூர்த்தங்களல்ல. ஊர் எல்லையில் காவல் நிற்கும் தெய்வங்கள். மாரியம்மன், மதுரை வீரன், முனீசுவரன். மதுரை வீரன் அங்கு 'மால்தெவிலேன்' ஆனார். வாள் ஏந்திக் குதிரையுடன் நிற்கும் கோலம் மாறவில்லை.

அவர்களுள் அன்னைக்கே முதலிடம் கிடைத்ததில் வியப்பில்லை. 1865-66ஆம் ஆண்டுகளில் குவாதலூப்பைக் காலரா தாக்கிற்று. சுமார் 12,000 பேர் அதற்கு இரையாயினர். மருத்துவமும் உறவும் இல்லாத தோட்டக் குடிசையில், குழந்தை காய்ச்சலில் கிடக்கும்போது, தாய் எவரை அழைப்பாள்? வெம்மை நோய்களைத் தணிப்பவள் மாரி என்பதை அவள் பாட்டி அவளுக்குச் சொல்லியிருந்தாள். ஒரு மரத்தடியில் கல்லை நிறுத்தி, மஞ்சள் பூசி, நீர் ஊற்றி வழிபட்டதே தொடக்கம். பின்னர் தோட்டத்தின் ஓரத்தில் முதலாளி அனுமதித்த இடத்தில் கூரைக் கொட்டகை எழுந்தது. இன்று சுதைச் சிற்பங்களுடன் காட்சியளிக்கும் கோயில்கள் பலவற்றின் மூலம் இத்தகைய கொட்டகைகளே.

இதற்கு எதிர்ப்பு இல்லாமலில்லை. பாதிரிமார்கள் இவ்வழிபாட்டைப் பேய் வணக்கம் என்று இகழ்ந்தனர். பிள்ளைகள் பள்ளியில் சேரவும், ஊரில் மதிப்புப் பெறவும் ஞானஸ்நானம் தேவையாயிற்று. பெரும்பாலோர் அதனை ஏற்றனர். ஆனால் அன்னையைக் கைவிடவில்லை. மாதா கோயிலில் பிரார்த்தனை, மாரியம்மனுக்கு வேண்டுதல். இரண்டும் ஒரே குடும்பத்தில், பல நேரங்களில் ஒரே மனிதரிடத்தில், இன்றளவும் சேர்ந்தே காணப்படுகின்றன. அவர்களிடம் இதனை முரண் என்று எடுத்துரைத்தால் புன்னகையே மறுமொழியாகக் கிடைக்கும்.

பூஜை நாள்

புவாந்தாபித்ரிலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் சென்றால், காபெஸ்தேர்-பெல்-ஓ என்னும் ஊர். நெடிய அரசப் பனைகள் இருபுறமும் வரிசையாக நிற்கும் தியூமனுவார் நிழற்சாலை இவ்வூரில் புகழ்பெற்றது. வாழைத் தோட்டங்களுக்கிடையே உள்ள ஷான்ஜி கோயிலும் இவ்வூரைச் சேர்ந்ததே.

இங்கு பெரும் பூஜைகள் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் வேண்டுதலையொட்டியே நடைபெறுகின்றன. நோய் தீர்ந்தது, விபத்தில் உயிர் தப்பியது, நெடுநாள் கழித்துக் குழந்தை பிறந்தது என ஏதேனும் ஒரு நன்றிக்கடன். வேண்டுதல் செய்த குடும்பத்தார் பல நாட்களுக்கு முன்பே புலாலும் மதுவும் நீக்கி விரதம் இருக்கின்றனர். பூஜை நாளன்று அதிகாலையில் ஆண்களும் பெண்களும் கூடிக் கோயிலைக் கழுவுகின்றனர், மாலை கட்டுகின்றனர், தேங்காய், எலுமிச்சை, வாழைப்பழம், வெற்றிலை, கற்பூரம் ஆகியவற்றைத் தட்டுகளில் அடுக்குகின்றனர். சிறுவர்களுக்கும் வேலை உண்டு. வேப்பிலை கொண்டுவர ஒருவன். வாழையிலை துடைக்க ஒருத்தி. தப்பைத் தீயில் காய்ச்சி விறைப்பேற்ற மற்றொருவன். வேலை செய்யும்போதே அவர்கள் முறைகளைக் கற்றுக்கொள்கின்றனர். எவரும் தனியே பாடம் நடத்துவதில்லை.

பூசாரியை அங்கும் 'பூசாரி' என்றே அழைக்கின்றனர். தப்பு, மத்தளம், தாளம் என்னும் சொற்களும் ஏறக்குறைய அப்படியே வழங்குகின்றன. பூசாரி அன்னைமுன் நின்று பாடத் தொடங்குகிறார். தமிழகத்திலிருந்து சென்று கேட்பவருக்கு முதலில் ஒன்றும் விளங்காது. சற்றே உன்னிப்பாகக் கேட்டால், ஓடும் நீரின் அடியில் கூழாங்கற்கள் தெரிவது போல், தமிழ்ச் சொற்கள் ஒவ்வொன்றாகத் துலங்கும். அம்மா என்கிறார், வா என்கிறார், தாயே என்கிறார்.

பாடுகிறவருக்கு அச்சொற்களின் பொருள் பெரும்பாலும் தெரியாது. அவருடைய தந்தைக்கும் தெரியாது. பாட்டனாருக்கு ஓரளவு தெரிந்திருக்கலாம். தோட்டத்தில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு என்றானபோது, மூன்றாம் தலைமுறைக்குள் தமிழ் அன்றாடப் பேச்சிலிருந்து விடைபெற்றுவிட்டது. அது எஞ்சி நின்ற ஒரே இடம் அன்னையின் சந்நிதி. செவிவழியாகக் கேட்டதை, ஓர் அசையும் பிசகிவிடக் கூடாது என்ற அச்சத்துடனும் பக்தியுடனும், ஒருவர் மற்றவருக்கு ஒப்படைத்துள்ளனர். 'நாத்ரோம்' என்னும் விடிய விடிய நடக்கும் கூத்தும் அவ்வாறே. நாடகம் என்ற சொல்லே அவ்வாறு திரிந்தது. மதுரை வீரன் கதையை, மொழி புரியாத கூத்தர்கள், மொழி புரியாத கூட்டத்தின் முன் தமிழிலேயே ஆடி வந்துள்ளனர்.

அண்டைத் தீவான மர்த்தினீக்கில் இதன் மற்றொரு வடிவத்தைக் காணலாம். அங்கு அருள் வந்த பூசாரி, இருவர் பிடித்திருக்கும் கூரிய வாளின் விளிம்பில் ஏறி நின்று வாக்குச் சொல்கிறார். தமிழில் வரும் அவ்வாக்கை, அருகில் நிற்கும் ஒருவர் கிரியோலில் எடுத்துரைக்கிறார். தெய்வம் தமிழில்தான் பேசும் என்பது அங்குள்ளோரின் உறுதியான நம்பிக்கை.

நாகூர் ஆண்டவருக்கும் ஓர் இடம்

இக்கோயில்களில் சிறிய கொடிமரம் ஒன்றை நட்டு, கொடியேற்றி, 'நாகூர்மீரா'வுக்கு வழிபாடு செய்வதுண்டு. நாகூர் தர்காவில் அடக்கமாகியுள்ள மகானே அவர். கடற்பயணிகளைக் காப்பவர் என்பது நாகப்பட்டினம், காரைக்கால் கரையோர மக்களிடையே மதபேதமின்றி நிலவும் நம்பிக்கை. கப்பலில் சென்றோர், புயலில் தங்களைக் காத்தவர் அவர் எனக் கருதியிருக்கின்றனர். கரை சேர்ந்த பின்னரும் அந்த நன்றியை அவர்கள் மறக்கவில்லை. அம்மன் சந்நிதியின் அருகிலேயே அவருக்கும் இடமளித்தனர்.

பலியைப் பற்றிய விவாதம்

தமிழகத்திலிருந்து செல்லும் முதிய பக்தர்கள் சிலருக்கு மனம் சுளிக்கும் காட்சி ஒன்றும் அங்குண்டு. காவல் தெய்வங்களுக்கு ஆட்டுக்கடாவும் சேவலும் பலியிடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அண்மைக் காலத்தில் இந்தியாவுடன் தொடர்பு பெருகியுள்ளது. பாரதத் திருத்தலங்களைத் தரிசித்துத் திரும்புவோரும், தமிழும் இந்தியும் யோகமும் பயில்வோரும் அதிகரித்து வருகின்றனர். தீபாவளியும் பொங்கலும் பொதுவிழாக்களாக நடைபெறுகின்றன. பலியின்றிப் பழமும் பாலும் மட்டும் படைத்து வழிபட வேண்டும் என்று இவர்களுள் சிலர் வலியுறுத்துகின்றனர்.

மூத்தோர் கூறும் மறுமொழியையும் செவிமடுக்க வேண்டும். புத்தகம் இல்லாமல், குரு இல்லாமல், ஆலயம் இல்லாமல், முன்னோர் உயிரைப் போல் காத்துக் கொடுத்த வழிபாடு இது. அதில் ஒன்றை இன்று நீக்கினால், நாளை வேறொன்று போகும் என்பது அவர்களுடைய அச்சம். இரு தரப்பினரும் அன்னையின் பிள்ளைகளே. தீர்ப்புக் கூறும் பொறுப்பு பயணிகளுக்கு இல்லை. தமிழகத்துக் கிராமங்களிலேயே இவ்விவாதம் இன்னும் முடியவில்லை என்பதை நினைவிற்கொண்டால் போதும்.

இலையில் இட்ட குழம்பு

பூஜை முடிந்ததும் பந்தி. வந்திருப்போர் அனைவருக்கும் வாழையிலையில் உணவு பரிமாறப்படுகிறது. அழைப்பு, அடையாளம் ஏதும் கேட்பதில்லை. பந்தியில் அமர்ந்திருப்போரில் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் பலர். ஒரு காலத்தில் இவ்விரு சமூகங்களுக்கும் இடையே கசப்பு நிலவிற்று. கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்று அவர்கள் இவர்களை வெறுத்தனர். 'கூலி' என்ற சொல்லே வசையாயிற்று. இன்றோ, தீராத நோயுற்ற கறுப்பினத் தாய்மார்களும் மாலியெமேனிடம் வந்து நேர்ந்துகொள்கின்றனர். வேண்டுதல் நிறைவேறினால் அவர்களே பூஜை செய்விக்கின்றனர்.

இலையில் விழும் குழம்புக்கு 'கொலொம்போ' என்று பெயர். கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம், மிளகு ஆகியவற்றை அரைத்த பொடியில் செய்வது. இலங்கையின் கொழும்பு நகரின் பெயரே இதற்கு வந்ததென்பர். 'குழம்பு' என்ற தமிழ்ச் சொல்லே இவ்வாறு ஆயிற்று எனக் கருதுவோரும் உண்டு. தோட்டக் குடிசையில் பிறந்த இக்குழம்பு, இன்று குவாதலூப் மக்கள் அனைவரும் தங்கள் தேசிய உணவெனப் பெருமையுடன் பரிமாறும் ஒன்று. மிளகுத்தண்ணி அங்கு 'மொல்தானி', பாகற்காய் 'பரோக்கா'. கிரியோல் பெண்கள் விழாக்களில் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணியின் பெயரோ 'மத்ராஸ்'. தொழிலாளர் வருவதற்கு முன்பே வணிகக் கப்பல்களில் அங்கு சென்று சேர்ந்துவிட்ட சென்னைப் பகுதி நெசவு அது.

சிதம்பரத்தின் வழக்கு

காபெஸ்தேர் ஊரை விட்டு நீங்குமுன் நினைவுகூர வேண்டிய பெயர் ஒன்றுண்டு. ஹென்றி சிதம்பரம். 1863-ஆம் ஆண்டு அவ்வூரில் இந்தியத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். தீவிலேயே பிறந்து, வரி செலுத்தி, பிரெஞ்சு மொழியில் கற்றுத் தேர்ந்த பின்னரும் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை ஐயத்துக்குரியதாகவே வைக்கப்பட்டிருந்தது. 1904-இல் வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் இடம்பெறுவதை அரசு எதிர்த்தபோது, சிதம்பரம் வழக்காடத் துணிந்தார். அன்று தொடங்கிய போராட்டம் 1923 வரை, 19 ஆண்டுகள் நீடித்தது. இறுதியில் பிரெஞ்சு அரசு இந்திய வம்சாவளியினரின் குடியுரிமையை ஏற்றது. அவர் 1952-இல் காலமானார்.

பதிவேட்டில் எண்ணாக எழுதப்பட்டவர்களின் பிள்ளைகள், வாக்காளர் பட்டியலில் பெயருடன் இடம்பெற்றனர். அடுத்துவந்த தலைமுறைகளில் நகரத் தலைவர்களும் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர்களும் அச்சமூகத்திலிருந்து தோன்றினர். தில்லைக் கூத்தனின் திருத்தலப் பெயரைத் தாங்கிய ஒருவர், கடல் கடந்த தீவில் தம் மக்களுக்கு உரிமை பெற்றுத் தந்தார் என்பது தமிழகத்தில் பலரும் அறிய வேண்டிய செய்தி.

மறைந்தோருக்குப் படையல்

தீவின் கிழக்குக் கோடியில் சேன் பிரான்சுவா என்னும் கடலோர ஊர் உள்ளது. கடற்கரையை ஒட்டி இந்திய வம்சாவளியினரின் இடுகாடு ஒன்று அங்கிருக்கிறது. நீராட வரும் சுற்றுலாப் பயணிகள் பலர் அதனைக் கவனிப்பதில்லை. ஊர் திரும்புவோம் என்று நம்பிக் காத்திருந்தவர்களின் வழித்தோன்றல்கள், எந்தக் கடல் வழியாக முன்னோர் வந்தனரோ, அந்தக் கடலை நோக்கியே அங்கு துயில்கின்றனர்.

நவம்பர் மாதத் தொடக்கத்தில், கத்தோலிக்கர்கள் மறைந்தோரை நினைவுகூரும் நாட்களையொட்டி, இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் 'சம்ப்லானி' என்றொரு சடங்கைச் செய்கின்றன. சாம்பிராணி என்ற சொல்லை நினைவூட்டும் பெயர். மறைந்த பெரியோர் விரும்பி உண்ட பண்டங்களைச் சமைத்து, இலையில் படைத்து, விளக்கேற்றி, தூபமிட்டு, கதவை மூடிவிட்டு வெளியே காத்திருக்கின்றனர். பின்னர் உள்ளே சென்று, குடும்பத்தினர் அனைவரும் அதனைப் பகிர்ந்து உண்கின்றனர். அமாவாசைப் படையலை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நாட்காட்டி மட்டும் பிரெஞ்சு. செயல் முழுவதும் தமிழ்நாட்டினுடையது.

எஞ்சி நிற்பது எது?

இந்திய வம்சாவளியினர் இத்தீவில் எத்தனை பேர் என்பதற்குத் துல்லியமான கணக்கு இல்லை. பிரெஞ்சு நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனமும் மதமும் கேட்கப்படுவதில்லை. கணக்கில் வராத அவர்களை அடையாளம் காட்டுவது ஒரு பெயர், ஒரு குழம்பு, ஒரு தப்பொலி, அன்னையின் முன் ஏற்றும் ஒரு துண்டுக் கற்பூரம்.

இன்று தமிழகத்தில் பல இல்லங்களில் முதியோர் தனித்திருக்கின்றனர். பிள்ளைகள் அயல்நாட்டில், பேரக் குழந்தைகள் தொலைபேசித் திரையில். அக்குழந்தைகளுக்குத் தமிழ் சரியாக வரவில்லை, தேவாரமும் திருவாசகமும் தெரியவில்லை, நம் வழிபாடெல்லாம் இத்துடன் முடிந்துவிடுமோ என்ற கவலை பல தாத்தா பாட்டிகளின் உறக்கத்தைக் கெடுக்கிறது. ஷான்ஜி கோயிலின் வாசலில் நின்று பார்த்தால் அக்கவலைக்கு இரண்டு விடைகள் கிடைக்கின்றன.

முதலாவது ஆறுதல். எழுத்தும் பணமும் மொழியும் இல்லாத கூலித் தொழிலாளர்கள், குழந்தைகளின் கையில் வேப்பிலையையும் வாழையிலையையும் கொடுத்தே ஒரு வழிபாட்டைக் காத்துவிட்டனர். சந்நிதியில் ஒரு சிறு வேலை செய்யக் கற்ற குழந்தை எளிதில் மறப்பதில்லை.

இரண்டாவது எச்சரிக்கை. மொழி போனபின் பாடல் எஞ்சியது, பொருள் போயிற்று. பொருளைத் தேடி, ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகள் இன்று எழுத்துக் கூட்டித் தமிழ் பயில்கின்றனர். பாட்டனார் பாடியது என்ன என்று அறிய அவர்கள் படும் பாட்டைக் காண்பவர்கள், தம் பேரப்பிள்ளைகளிடம் அடுத்த முறை பேசும்போது, ஒரு பாட்டை மட்டும் சொல்லிக் கொடுத்து நிறுத்திவிட மாட்டார்கள். அதன் பொருளையும் சேர்த்தே சொல்வார்கள்.

குவாதலூப் செல்லும் வாய்ப்புப் பெறுவோர், கோயிலுக்கு வெறுங்கையுடன் போக வேண்டியதில்லை. ஊரிலிருந்து சிறிது குங்குமமும் விபூதியும் கொண்டுசென்றால் போதும். அனுமதி பெற்ற பின்னரே புகைப்படம் எடுப்பது நல்லது. மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். கைகூப்பி 'அம்மா' என்று சொன்னால், அங்குள்ள பூசாரிக்குப் புரியும். அன்னைக்கும் புரியும்.